மூன்று முதலாளிகள், ஒரே மெயில் பெட்டி

தேன்மொழி, பாலாஜி,

நீங்கள் இரண்டு பேரும் இப்போது மெயில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆகிவிட்டீர்கள். ஒருத்தி ஓட்டல் புக்கிங் பார்க்கிறாள். ஒருத்தன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்து இன்னும் அடையாள அட்டைகூட வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது பாலாஜி, "எங்க ஆபீஸ்ல எல்லா மெயில் அக்கவுண்டையும் ஒரே எடத்துல வெச்சிப் பாக்கச் சொல்றாங்கப்பா, தல சுத்துது" என்றான். தேன்மொழி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வாயில் சோறு இருந்ததால் பதிலும் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்கள் அப்பா பத்தாவது வரை படித்தவன். டைப்ரைட்டிங் தெரியும் என்பதால் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதனால் பெரிய தத்துவம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரே ஒரு பௌர்ணமி நாளில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. அதற்கு மேல் உங்கள் சாமர்த்தியம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் நான் வேலை பார்த்த இடம் உங்களுக்குத் தெரியும். மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று தொழில். பெரிய முதலாளிக்கு கெஸ்ட் ஹவுஸ். தியானம் பண்ண வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் பேசாமல் தங்குவார்கள். நடு முதலாளிக்குக் கல்யாண மண்டபம். அங்கே யாரும் பேசாமல் இருந்ததே கிடையாது. சின்ன முதலாளிக்கு செப்டிக் டேங்க் லாரி. லாட்ஜு, ஹாஸ்டல், காலேஜ் எல்லாம் அவருக்குத்தான் ஆர்டர் அனுப்பும். சொல்லப்போனால் மூன்று பேரில் அவருக்குத்தான் மெயில் ஜாஸ்தி.

கூட்டுக் குடும்பம். ஒரே சமையல், ஒரே சாமி அறை. அதனால் ஒரே ஆபீஸ், ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள். அந்த ஆள் நான். மூன்று தொழிலின் மெயில்களையும் ஒரே மெயில் புரோகிராமில் கொண்டுவந்து சேர்த்து வைத்திருந்தேன். இடது பக்கம் மூன்று அக்கவுண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். இதில் ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள், மற்றதெல்லாம் பிறகு தானாக விளங்கும். புது மெயில் எழுதும்போது யார் பெயரில் போக வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்காவிட்டால், மேலே முதலாவதாக நிற்கிற அக்கவுண்டின் பெயரில்தான் அது போகும். அந்தத் தொழிலுக்கென்று எழுதிவைத்த விளம்பர வரிகளும் மெயிலின் அடியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரத்திலேயே தகராறு ஆரம்பித்தது.

பெரியவர் திரையைப் பார்த்தார். லாரி மேலே, மண்டபம் நடுவில், கெஸ்ட் ஹவுஸ் கீழே இருந்தது. நான் எந்த வரிசையில் சேர்த்தேனோ அந்த வரிசை.

"இன்னா மணி இது? நான் இன்னா செத்தா போயிட்டேன்? கடைசில போட்டு வெச்சிருக்க."

"அது சும்மா ஒரு வரிசைங்க மொதலாளி."

"வரிசைன்னு தெரிஞ்சிதான கேக்கறேன்."

பெரியவரை மேலே ஏற்றினேன். சின்னவர் வந்து பார்த்துவிட்டு, "மெயில் எல்லாம் எனக்கு வருது, மரியாதை மட்டும் அவருக்கா" என்று காபியைக் குடிக்காமல் போனார். நடு முதலாளியை, நாங்கள் நடுவர் என்போம், ஒரு தடவைகூட மேலே போடவில்லை என்று அவருடைய வீட்டம்மா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் திரையில் விரல் நீளத்துக்கு இருக்கிற இடத்துக்காக. நீங்கள் சிரிக்கலாம். தேர்வடம் யார் முதலில் தொடுவது, பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று ஊரே கூடிப் பேசுகிற இடத்தில் பிறந்துவிட்டுச் சிரிக்கிறோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் குடும்பம் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. திருவிழாவில் இன்றைக்கு இவர் மண்டகப்படி, நாளைக்கு அவர் மண்டகப்படி என்று முறை வைத்திருப்பது போல, மெயில் பெட்டியிலும் முறை வைப்பது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை ஒருவர் மேலே இருப்பார். பௌர்ணமி காலையில் ராகுகாலம் இல்லாத நேரம் பார்த்து, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, நான் மவுஸைப் பிடித்து அடுத்தவரை மேலே இழுத்து வைக்க வேண்டும். பிறகு சுண்டல். வேறு எந்த ஆபீஸிலும் மெயில் புரோகிராமின் செட்டிங்ஸை மாற்றச் சுண்டல் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்லும் பௌர்ணமியில் முறை நடுவரிடமிருந்து சின்னவருக்கு மாறியது. மண்டபம் கீழே இறங்கி, லாரி மேலே ஏறியது. சின்னவர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். சூடம் காட்டி முடித்ததும் நான் சுண்டல் தட்டோடு கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டுக்குப் போனேன். ஆபீஸில் நடு முதலாளி தனியாக இருந்தார்.

அவருக்கு அன்று ஒரு முக்கியமான மெயில் எழுத வேண்டியிருந்தது. கீழ்பென்னாத்தூர் ஏழுமலை என்பவர் தன் பெண்ணின் கல்யாணத்துக்கு மண்டபம் எடுத்திருந்தார். மணிலாக்கொட்டை விவசாயம், பஸ் ஸ்டாண்டு ஓரமாக உரக்கடை. சம்பந்தி வேங்கிக்காலில் சில வருஷத்துக்கு முன் வீடு கட்டிக் குடிவந்த ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் ஒரு விசித்திரமான மனிதர். போனில் பேசினால், "எல்லாம் சரி, இதையே மெயில்ல போட்டுடுங்க, ரெக்கார்டு இருக்கணும்" என்பார். ஊருக்குள்ளேயே இருக்கிறவருக்கு, வாழைமரம் எத்தனை மணிக்குக் கட்டுவோம் என்பதுவரை நாங்கள் மெயிலில்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு விருந்துப் பட்டியலை அனுப்ப வேண்டும்.

நடுவர் போன மாதம் முழுக்க மேலே இருந்தவர். எதையும் தேர்ந்தெடுக்காமல் எழுதி எழுதிப் பழகிவிட்டார். அந்தப் பழக்கத்தில் ஒற்றை விரலால் தட்டி, ஆசையாக எழுதி, அனுப்பிவிட்டார். சம்பந்திக்குப் போய்ச் சேர்ந்தது இப்படி:

"காலை டிபனுக்கு இரண்டு இனிப்பு. மதியம் தலைவாழை இலை. தங்கள் வீட்டார் எவ்வளவு சாப்பிட்டாலும் நாங்கள் தாங்குவோம். உங்கள் தொட்டி நிரம்பிவிட்டதா? வழிவதற்கு முன் அழையுங்கள். நவீன முறையில் உறிஞ்சி எடுக்கப்படும்."

அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செப்டிக் டேங்க் சர்வீஸ்.

நான் காலித் தட்டோடு திரும்பி வந்தபோது பதில் வந்திருந்தது. ஒரே வரி. "இது யாரைக் கேலி செய்ய?"

நடுவர் முகம் மானிட்டரில் இருந்த சந்தனத்தைவிட வெளுத்திருந்தது. பெரியவரும் சின்னவரும் வந்துவிட்டார்கள்.

"போன் போடலாங்க," என்றேன்.

"நீ போடு. நான் பெரியவன், நான் எழுத்துல மன்னிப்பு கேக்கறேன். அவருக்கு எழுத்துலதான் கேக்கணும்," என்று பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொதலாளி, எழுதறதுக்கு முன்னாடி மேல ஒருவாட்டி பாத்துடுங்க, யார் பேர்ல போவுதுன்னு."

"மேல யாரு இருக்கறது? சின்னவன்தான? அவன் பேரை நான் எதுக்குப் பாக்கணும்?"

பார்க்கவே இல்லை. நான் வாசலுக்குப் போய் சம்பந்திக்குப் போன் போட்டேன். எடுத்தார். "சார், மண்டபத்துலேர்ந்து பேசறேங்க, அந்த மெயில்" என்று ஆரம்பிப்பதற்குள், "எதுவா இருந்தாலும் மெயில்ல போடுங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

அதற்குள் பெரியவரின் மன்னிப்பு போய்விட்டது. "தங்களைப் போன்ற பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்ததற்கு வருந்துகிறோம். இனி இப்படி நடக்காது." அதற்கு அடியில் மறுபடியும் அதே லாரி விளம்பரம், இந்தத் தடவை கண்ணில் பட்டது அதன் கடைசி வரி: "ஒருமுறை எங்களை அழைத்தவர்கள் மறுமுறையும் எங்களையே அழைப்பார்கள்."

"டேய், உன் லாரிய மொதல்ல கீழ எறக்குடா," என்று பெரியவர் சின்னவரைப் பார்த்துக் கத்தினார்.

"காலைலதான ஏத்தினீங்க. இன்னும் சூடம்கூட ஆறல," என்றார் சின்னவர். பாவம், புதுச் சட்டை வேறு.

"என்னை மேல போடு. என் பேர்ல போனாத்தான் மரியாதையா இருக்கும்," என்றார் பெரியவர்.

சின்னவருக்கு அக்கவுண்டை மேலே இழுக்கத் தெரியும். நான் பூஜை போட்டுச் செய்கிறதைப் பல மாதமாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர்தானே. லாரியை இறக்கி, கெஸ்ட் ஹவுஸை மேலே ஏற்றினார். தன்னால் வந்த வினை என்ற பதற்றத்தில் தானே உட்கார்ந்து மூன்றாவது மெயிலை எழுதினார். "ஐயா, முதல் இரண்டு மெயிலையும் மனதில் வைக்க வேண்டாம். மண்டபம் மிகவும் சுத்தமானது. தங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம்." நான் வாசலிலிருந்து ஓடி வருவதற்குள் செண்ட் பட்டனை அழுத்திவிட்டார். அடியில் கெஸ்ட் ஹவுஸ் விதிகள், தமிழிலும் இங்கிலீஷிலும்: "தயவுசெய்து மௌனம் காக்கவும். உரத்த குரலில் பேசுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள். தம்பதிகளுக்குத் தனித்தனி அறை."

மாப்பிள்ளையைப் பெற்றவருக்கு இப்படி ஒரு மெயில்.

அப்போது நான் செய்த ஒன்றைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான்காவது மெயில் எழுத நடுவர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மணி, இன்னா பண்ற நீ?"

"இன்னிக்கு இது போதுங்க மொதலாளி."

மூன்று முதலாளிகளும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மெயில் போகாது என்பது நிச்சயமாகத் தெரிந்ததால் கொஞ்சம் தைரியம் இருந்தது. பிள்ளைகளே, தப்பு ஒன்று கையை விட்டுப் போனவுடன் அதைத் திருத்த விரல் துடிக்கும். அந்த முதல் துடிப்பில் எழுதுகிற எதையும் அனுப்பாதீர்கள். முடிந்தால் எழுதவே செய்யாதீர்கள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போங்கள். வயரைப் பிடுங்குவது உங்கள் ஆபீஸில் நடக்குமா என்று தெரியவில்லை, இப்போதெல்லாம் வயரே இல்லை என்கிறார்கள்.

மதியத்துக்கு முன்னால் ஏழுமலை வந்துவிட்டார். பௌர்ணமி ஆனதால் பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து கிரிவலக் கூட்டத்தில் முட்டி மோதி நடந்தே வந்திருந்தார். வேட்டி முழுக்கப் புழுதி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எனக்கு மெயிலு கியிலு ஒண்ணும் தெரியாதுங்க. சம்பந்தி போன்ல கூப்டாரு. கக்கூஸ் லாரிக்காரன் மண்டபத்துல எம்பையன் தாலி கட்ட மாட்டான்னுட்டாரு. வேற மண்டபம் பாரு, இல்லன்னா தேதிய மறந்துடுன்றாரு. இந்த முகூர்த்தத்துக்கு இனிமே எவன் மண்டபம் குடுப்பான்? பத்திரிகை வெச்சிட்டேன். எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வெச்சிட்டேன்."

மூன்று முதலாளிகளும் தரையைப் பார்த்தார்கள். அந்த அறையில் அன்றைக்குத்தான் கெஸ்ட் ஹவுஸ் மௌன விதி சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

"எம்பொண்ணு காலைலேர்ந்து செல்போன கவுத்து வெச்சிட்டு உக்காந்திருக்குது. சாப்புடும்மான்னா, பசிக்கலப்பான்னுது," என்றார். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால்கூட எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று முதலாளிகளும் ஒன்றாக எழுந்தார்கள். போகலாம், நேரில் போய்க் காலில் விழலாம் என்றார்கள். வாசலுக்கு வந்ததும் யார் முதலில் உள்ளே நுழைவது, யார் முதலில் பேசுவது என்று ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர் பேச வேண்டும் என்றார் பெரியவர். என் மண்டபம், நான்தான் பேசணும் என்றார் நடுவர். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க மூணு பேரும் இருங்க மொதலாளி. நானும் இவரும் மட்டும் போறோம்," என்றேன். காலையில் வயரைப் பிடுங்கின சூட்டில் சொன்னது. அவர்களும் கேட்டுவிட்டார்கள்.

போக வண்டி வேண்டுமே. பௌர்ணமிக்கு எங்கள் ரோட்டில் ஆட்டோ, கார், பைக் எதையும் விடமாட்டார்கள். கிரிவலப் பாதையில் வைத்திருக்கும் தற்காலிகக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்வதால் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் போலீஸ் பாஸ் இருந்தது. எந்த வண்டி என்று சொல்லத் தேவையில்லை.

டிரைவர் இஸ்மாயில் பாய் கதவைத் திறந்து, "ஏறுங்க. கம்மியாத்தான் ஆடும்," என்றார்.

ஏழுமலை ஏறாமல் நின்றார். "இதுலயா?"

"நடந்து போனா மாலை ஆயிடுங்க," என்றேன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார். பிறகு யோசித்து, துண்டை உதறி முகத்தைத் துடைக்கப் போய், நடுவழியில் நிறுத்திக்கொண்டார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இருமிச் சமாளித்தேன்.

வேங்கிக்கால் போகும் வழியெல்லாம் அவருக்கு நான் விளக்கிக்கொண்டே போனேன். மெயில் புரோகிராம், அக்கவுண்ட் வரிசை, மேலே இருந்தால் என்ன ஆகும், கீழே இருந்தால் என்ன ஆகும். நன்றாகத்தான் விளக்கினேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் அவர், "இதயெல்லாம் அவருகிட்ட சொல்லப்போறீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"வேணாங்க," என்றார்.

பாய் கியரை மாற்றிக்கொண்டே, "எனக்கே வேணாம்னு இருந்திச்சு," என்றார்.

அதுவும் ஒரு பாடம்தான். நமக்கு வேலையில் என்ன சிக்கல் என்பது நமக்கு மட்டும்தான் சுவாரசியம். மனம் நொந்தவரிடம் மெஷினைப் பற்றி விளக்கினால் மெஷின்மேல் பழி போடுவதாகத்தான் அவர் காதில் விழும்.

கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது வீடுகள் இருக்கும் பகுதிக்கு வந்தோம். தெருமுனையில் ஒரு காலி மனை. "பாய், லாரிய இங்கயே போடுங்க. வீட்டுக்கிட்ட வராதீங்க," என்று சொல்லி இறங்கி நடந்தோம்.

சம்பந்தி கேட்டுக்கு உள்ளேயே நின்றிருந்தார். எங்களுக்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. கையில் மூன்று காகிதங்கள். மெயில்களை பிரிண்ட் எடுத்து, மூலையில் நூல் கோத்து ஃபைல் போட்டிருந்தார். உள்ளே கூப்பிடவில்லை. கேட்டைத் திறக்கவும் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே முதல் காகிதத்தைப் படித்தார்.

"'தங்கள் வீட்டார் எவ்வளவு சாப்பிட்டாலும் நாங்கள் தாங்குவோம். உங்கள் தொட்டி நிரம்பிவிட்டதா?' யாரப் பாத்துக் கேக்கற கேள்வி இது?"

ஏழுமலை தலை குனிந்தார். சம்பந்தி இரண்டாவது காகிதத்துக்கு வந்தார். "'மறுமுறையும் எங்களையே அழைப்பார்கள்.' மறுமுறைன்னா? எம்பையனுக்கு எத்தனை கல்யாணம் பண்ணப் போறீங்க?"

இந்த இடத்தில் தெருமுனையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் பீப்பீ சத்தம். காலி மனையில் யாரோ ஜல்லி கொட்டி வைத்திருந்ததால் பாய்க்கு வண்டியைத் திருப்ப இடம் கிடைக்கவில்லை. தெருவுக்குள் பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தார். சம்பந்தி மூன்றாவது காகிதத்தை எடுத்து, "'மௌனம் காக்கவும்'" என்று படிக்கும்போது லாரியின் பின்பக்கம், தொட்டியும் குழாயுமாக, அவர் வீட்டு கேட்டுக்கு நேராக வந்து நின்றது. தொட்டியின்மேல் பெரிய எழுத்தில், "உங்கள் தொட்டி நிரம்பிவிட்டதா?"

சம்பந்தி அதைப் படித்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி லாரியைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கல்யாணம் போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஏழுமலை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். 

கதவு திறந்தது. சம்பந்தி அம்மா வெளியே வந்தார். கையில் கரண்டி. லாரியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது போல வேறொரு முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. தேரைப் பார்த்தால்கூட அப்படி மலராது.

"வந்துட்டீங்களா. எவ்ளோ நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன். பின்னாடிப் பக்கமா வழி இருக்குது, அந்தச் செம்பருத்திச் செடிய மட்டும் மிதிச்சுடாதீங்க."

"நீ உள்ள போ," என்றார் சம்பந்தி.

"எதுக்குப் போவணும்? சொந்தக்காரங்க எல்லாம் வந்து எறங்கப் போறாங்க, டேங்கு ரொம்பிக் கெடக்குது, ஒரு லாரியக் கூப்டுங்கன்னா, மெயில் போட்டிருக்கேன், பதில் வரட்டும்னீங்க. இன்னாத்தப் பதில் வருது. இதோ லாரியே வந்துடுச்சு." அப்போதுதான் ஏழுமலையைப் பார்த்தார். "சம்பந்தி, நீங்க எங்க இந்த வெயில்ல? இன்னாங்க, கேட்டைக்கூடத் தொறக்காம நிக்க வெச்சிட்டு."

சம்பந்தி காகிதங்களை அவர் கையில் கொடுத்தார். அந்தம்மா மூன்றையும் படித்தார். 'தம்பதிகளுக்குத் தனித்தனி அறை' வந்ததும் கரண்டியால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இது எப்படிங்க ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

வழியில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "அண்ணன் தம்பி மூணு பேருங்கம்மா. மெயில் பெட்டில யாரு மேல இருக்கறதுன்னு சண்டை. மாசம் ஒருத்தர்னு முறை வெச்சிருக்குது. இந்த மாசம் லாரிக்காரரு முறை. மண்டபத்துக்காரரு மறந்துட்டு எழுதிட்டாரு. வேற ஒண்ணும் இல்லீங்க. இவரு மேல ஒரு தப்பும் இல்ல. இவரு பொண்ணு காலைலேர்ந்து சாப்புடல."

சம்பந்தி, "நம்பற மாதிரியா இருக்குது? வயசானவங்க யாராவது பேரு மேல வரணும்னு சண்டை போடுவாங்களா?" என்றார்.

அந்தம்மா திரும்பி அவரைப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார். "பத்திரிகைல உங்க பேரு உங்க அண்ணன் பேருக்கு மேல வரணுமா, பக்கத்துல வரணுமான்னு பிரஸ்ஸுக்கு எத்தனைவாட்டி போனீங்க?"

தெருவில் ரிவர்ஸ் சத்தம் நின்றுபோயிருந்தது. பாய் வண்டியிலிருந்து இறங்கி, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் என்று கேட்காமல் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். நாகரிகமான மனுஷன்.

சம்பந்தி கேட்டைத் திறந்தார்.

"உள்ள வாங்க," என்றார் ஏழுமலையிடம். பிறகு பாயிடம், "அந்தப் பக்கம். செம்பருத்தி இருக்குது, பாத்து." என்னிடம், "மண்டபம் மாத்த வேணாம். இனிமே எதுவா இருந்தாலும் மெயில்" என்று ஆரம்பித்துவிட்டு, வீட்டம்மாவைப் பார்த்து நிறுத்தினார். "நேர்ல வந்து சொல்லுங்க. ஆனா இந்த வண்டில வேணாம்."

ஏழுமலை உள்ளே போகவில்லை. முதலில் சுவரோரம் திரும்பி நின்று செல்போனை எடுத்தார். அந்தப் பக்கம் எடுக்கிறவரை காத்திருந்தார். "பாப்பா," என்றார். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "சோறு சாப்புடு," என்றார். அவ்வளவுதான். துண்டால் முகத்தைத் துடைத்தார். அது எந்தத் துண்டு என்று அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பியபோது மூன்று முதலாளிகளும் நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் நிற்கவில்லை என்றதும் நடுவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னவர், வேங்கிக்காலில் ஒரு புது வாடிக்கையாளர் கிடைத்ததாக நான் சொன்னதும் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பெரியவர் மட்டும், "சரி, இப்ப யாரு மேல இருக்கறது?" என்று கேட்டார். ஏனென்றால் அந்தக் குழப்பத்தில் முறைப்படி சின்னவர் இருக்க வேண்டிய இடத்தில் அவர்தான் இருந்தார். சின்னவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஆரம்பமாகப் போகிறது என்று தெரிந்தது.

"கிரிவலம் போய்ட்டு வாங்க மொதலாளி. நான் பாத்து வெக்கறேன்," என்றேன்.

நிலா ஏறுகிற நேரத்தில் மூன்று பேரும் வெறுங்காலோடு கூட்டத்தில் இறங்கிப் போனார்கள். அங்கே மட்டும் யார் முன்னால், யார் பின்னால் என்று அவர்கள் சண்டை போட்டதில்லை.

நான் சட்டைப் பையிலிருந்து வயரை எடுத்து மறுபடி செருகினேன். புதிதாக நான்காவதாக ஓர் அக்கவுண்ட் சேர்த்தேன். பெயர் கேட்டது. அண்ணாமலையார் என்று அடித்தேன். மெயிலை அனுப்பும் வழி எது என்று கேட்ட இடத்தில் வேண்டுமென்றே எங்கேயும் போகாத ஒன்றை எழுதினேன். பிறகு அந்த அக்கவுண்டை மூன்று பேருக்கும் மேலே இழுத்து வைத்தேன். இனி யார் பெயரில் அனுப்புகிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் ஒரு மெயிலும் வெளியே போகாது. யாரை மேலே வைத்தாய் என்று கேட்கிறவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு புது மெயில் எழுத உட்கார்ந்தேன். யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கே எழுதினேன். எதையும் தேர்ந்தெடுக்காமல் செண்ட் பட்டனை அழுத்தினேன். கொஞ்சநேரம் சுற்றியது. பிறகு, அனுப்ப முடியவில்லை என்று பெட்டி வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மானிட்டரை அணைத்தேன்.